பாதுகாக்கப்பட்ட மீக்கடத்திக் கியூபிட்டின் வாயில் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

குவாண்டம் கணினியின் தகவல் அலகு கியூபிட். மீக்கடத்திச் சுற்றில் பாதுகாக்கப்பட்ட கியூபிட் ஒன்றை வடிவமைப்பவர் இரண்டு காரியங்களைச் செய்கிறார். 0, 1 என்னும் இரு நிலைகளின் அலைச்சார்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு தள்ளி வைக்கிறார். அதனால் சூழலின் இரைச்சல் ஒரு நிலையை மற்றொன்றாகப் புரட்டுவது அரிதாகிறது. அவ்விரு நிலைகளின் ஆற்றல் வேறுபாடு, மின்னூட்டமோ காந்தப் பாயமோ சற்றே மாறினாலும் அசையாதவாறு பார்த்துக்கொள்கிறார். அதனால் கட்டச் சிதைவு, அதாவது இரு நிலைகளுக்கிடையிலான அலைக்கட்ட உறவு குலைவது, குறைகிறது. ஆனால், ஆய்வகங்களில் கேட் என்று வழங்கும் வாயில், வெளியிலிருந்து ஒரு சைகையை அனுப்பி அதே நிலைகளை வேண்டியபடி மாற்றும் செயல்தானே. இரைச்சல் நுழைய முடியாத இடத்தில் சைகையும் நுழைய முடியாது. எனவே இத்தகைய கியூபிட்டில் இயங்கும் எந்த வாயிலும் பாதுகாப்பின் ஏதோ ஒரு பகுதியைச் சிறிது நேரம் திறந்து மூடுகிறது, அல்லது அதைத் திறக்காமலே சுற்றிச் செல்லும் பாதை ஒன்றைத் தேடுகிறது. வாயிலின் பிழை எந்த வடிவில் வெளிப்படுகிறது என்பதைக் கொண்டே எந்தப் பகுதி திறந்தது என்று கண்டுபிடிக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் சைகைத் துடிப்பின் வீச்சையும் அகலத்தையும் மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் வீண் உழைப்பு.

இவ்வழிமுறை பெரும்பகுதி ஃப்ளக்சோனியத்தைப் பற்றியது. சிறிய ஜோசப்சன் சந்தி ஒன்றை, பல சந்திகளைத் தொடராக இணைத்து ஆக்கிய பெரிய மின்தூண்டியோடு பொருத்திய இச்சுற்றை மனுச்சார்யன், கோக், கிளாஸ்மன், டெவோரே ஆகியோர் யேல் பல்கலைக்கழகத்தில் 2009-இல் வெளியிட்டனர். பாதுகாப்பில் அதைவிட ஒரு படி மேலான 0-பை கியூபிட்டும், வேறு வழியில் பாதுகாப்புப் பெறும் பூனைக் கியூபிட்டும் பிற்பகுதியில் வருகின்றன.

முதலில் பிழையைப் பிரித்தல்

வாயில்களைச் சமவாய்ப்பாக அடுக்கி ஓட்டிப் பார்க்கும் ரேண்டமைஸ்டு பெஞ்ச்மார்க்கிங் சோதனை, சராசரிப் பிழை என்னும் ஒரே ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஆகவே, சுழற்சிக் கோணத்தை மாற்றாமல் வாயில் நேரத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு நேரத்துக்கும் வீச்சைப் புதிதாக அளவு திருத்தி, பிழையை நேரத்துக்கு எதிராக வரைந்துகொள்ள வேண்டும். பிழை நேரத்தோடு நேர்கோடாக வளர்ந்தால் ஆற்றல் தளர்வோ விரைந்து மாறும் இரைச்சலோ காரணம். நேரத்தின் இருமடியாக வளர்ந்தால், மெதுவாக அசையும் இரைச்சல், பெரும்பாலும் காந்தப் பாயத்தின் தாழ் அதிர்வெண் இரைச்சல், காரணம். நேரம் கூடக் கூடப் பிழை குறைந்தால், அது துடிப்பின் வேகத்தாலேயே விளைவது: 0, 1 அல்லாத மட்டங்களுக்கு நிகழ்தகவு போய்விடும் கசிவு, பின்னர் விளக்கும் எதிர்ச்சுழல் உறுப்பு, நிலை பின்தொடர முடியாத வேகத்தில் சுற்றை மாற்றும் மெதுமாற்ற நிபந்தனை மீறல் ஆகியவற்றுள் ஒன்று.

இதோடு இன்னொரு சோதனையும் வேண்டும். ஒரே வாயிலைப் பல முறை தொடர்ந்து இயக்கினால், மாறாத அளவுப் பிழை எண்ணிக்கையின் இருமடியாகவும், தற்செயல் பிழை எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகவும் சேரும். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஓர் ஓட்டத்துக்குள் மாறாமல் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் இரைச்சலும் இருமடியாகவே சேர்ந்து, அளவுப் பிழையைப் போல வேடமிடும். வரிசையின் நடுவே, நிலையைப் புரட்டி அதுவரை சேர்ந்த கட்டத்தைக் கழியச் செய்யும் எதிரொலித் துடிப்பு ஒன்றை வைத்துப் பாருங்கள். அப்போது மறைவது மெதுவான கட்ட இரைச்சல் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அறிகுறி: ரபி அலைவின் ஏற்ற இறக்கம் தொடக்கத்திலேயே சிறிதாக இருக்கிறது

சைகை தரும்போது கியூபிட் 0-க்கும் 1-க்கும் இடையே ஊசலாடுவதே ரபி அலைவு; அந்த ஊசலின் வேகமே ரபி அதிர்வெண். அதன் ஏற்ற இறக்கம் சிறிதாக இருப்பதை வாயிலின் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரங்களில் வாயிலுக்கு இதில் பங்கே இல்லை. 20 மில்லி கெல்வின் வெப்பநிலைக்கு இணையான அதிர்வெண் ஏறத்தாழ 417 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும், டிரான்ஸ்மான் என்னும் வழக்கமான மீக்கடத்திக் கியூபிட் அந்தக் குளிரில் தானாகவே 0 நிலையில் அமர்ந்துவிடும். 14 மெகாஹெர்ட்ஸ் என்னும் மிகத் தாழ் அதிர்வெண்ணில் இயங்கும், கனத்த வகை எனப்படும் ஃப்ளக்சோனியத்திலோ 0, 1 நிலைகளின் நிகழ்தகவு வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது தொடக்க நிலையே ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்தது. உயர்மட்டம் ஒன்றின் வழியாக வாசிப்பு அலையியற்றிக்குள் ஆற்றலைக் கொட்டி, நிலையைச் செயற்கையாக மீளமைத்த பிறகே வாயிலை அளக்க வேண்டும். மீளமைத்த பின்னும் ஏற்ற இறக்கம் குறைந்திருந்தால் வாசிப்பைச் சோதியுங்கள். அதன் பிறகுதான் வாயிலின் முறை.

அறிகுறி: சைகையின் வலிமையைக் கூட்டியும் கியூபிட் சுழல மறுக்கிறது

பாதுகாப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் இது. ஆகவே முதலில் மகிழலாம். காரணத்தை ஒரே ஓர் உறவு விளக்கும். சைகை இரு நிலைகளை எவ்வளவு வலிமையாக இணைக்கிறது என்பதன் அளவே அணி உறுப்பு; மின்தேக்கி வழிச் சைகைக்கு மின்னூட்ட உறுப்பும், காந்தப் பாயச் சைகைக்கு மீக்கடத்திக் கட்டத்தின் உறுப்பும் கணக்கு. 0, 1 நிலைகளை இணைக்கும் மின்னூட்ட அணி உறுப்பு, அதே நிலைகளை இணைக்கும் கட்ட அணி உறுப்பைக் கியூபிட் அதிர்வெண்ணால் பெருக்கி, மின்னேற்ற ஆற்றலின் எட்டு மடங்கால் வகுத்ததற்குச் சமம். வளையத்தின் காந்தப் பாயத்தைப் பாயக் குவாண்டத்தின் பாதியில், சுருக்கமாக அரைப் பாயத்தில், நிறுத்திய ஃப்ளக்சோனியத்தில் கட்ட உறுப்பு ஏறத்தாழ 3 என்றும், மின்னேற்ற ஆற்றல் 1 கிகாஹெர்ட்ஸ் என்றும், கியூபிட் அதிர்வெண் 14 மெகாஹெர்ட்ஸ் என்றும் வைத்துக்கொண்டால் மின்னூட்ட உறுப்பு 0.005 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. டிரான்ஸ்மானில் அது 1-ஐ ஒட்டிய எண். மின்தேக்கி வழியே சைகை அனுப்பிப் பழகியவருக்கு இது வியப்பளிக்கும். ஆனால் கம்பியில் கோளாறு எதுவும் இல்லை.

மருந்து, சைகையைக் காந்தப் பாயத்தை மாற்றும் பாயக் கம்பி வழியே அனுப்புவது. கட்ட உறுப்பு பெரிதாகவே இருப்பதால் சுழற்சி உடனே கிடைக்கும். ஆனால் பாயக் கம்பிக்கும் சுற்றுக்கும் இடையிலுள்ள பரிமாற்று மின்தூண்டலைக் கூட்டி வேகம் பெறும் ஆசைக்கு இடம்கொடுக்கக் கூடாது. குறித்த மின்னோட்டத்துக்குச் சுழற்சி வேகம் அந்தப் பரிமாற்றத்துக்கு நேர்விகிதமாக வளர்கிறது; கம்பியின் இரைச்சலால் ஏற்படும் தளர்வு வீதமோ அதன் இருமடியாக வளர்கிறது. ஒரு வாயிலுக்கான பிழை இரண்டின் விகிதமாதலால், பரிமாற்றம் கூடக் கூட அதுவும் கூடும். பரிமாற்றத்தைச் சிறிதாக வைத்து, மின்னோட்டத்தைக் குளிர்விப்பான் தாங்கும் வரை உயர்த்துவதே சரியான வரிசை. குளிர்விப்பானின் அடித்தட்டு சூடாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கட்ட உறுப்பும் மறைந்துபோகும் சுற்றுகள் உண்டு. அரைப் பாயத்திலிருந்து விலகிய கனத்த ஃப்ளக்சோனியமும் 0-பை கியூபிட்டும் அத்தகையவை. அங்கே நேரடிச் சுழற்சி இல்லை என்று ஒப்புக்கொண்டு, இரு நிலைகளோடும் இணையும் உயர்மட்டம் ஒன்றை இடைநிலையாகக் கொண்டு, இரண்டு அதிர்வெண்களில் சைகை அனுப்பும் இராமன் முறைக்குப் போக வேண்டும். பிரின்ஸ்டனில் கியெனிஸ், ஹௌக் குழுவினர் 2021-இல் வெளியிட்ட மென்மையான 0-பை சுற்றில் தளர்வு நேரம் 1.6 மில்லி நொடியையும், எதிரொலிக் கட்ட நேரம் 25 மைக்ரோ நொடியையும் எட்டியது. அதன் நிலைகளைக் கையாளவும் உயர்மட்டங்களின் உதவி தேவைப்பட்டது.

இராமன் வாயிலில் பிழை குறையவில்லை என்றால் சைகையின் வலிமையைக் குறை சொல்லிப் பயனில்லை. இரு சைகைகளும் சம வலிமை உடையவையாக இருக்கையில், முழுப் புரட்டலுக்கான நேரத்தையும் அந்நேரத்தில் இடைநிலையில் தங்கும் சராசரி நிகழ்தகவையும் பெருக்கிப் பார்த்தால் வலிமை முழுவதும் அடிபட்டுப் போய்விடும். எஞ்சுவது இடைநிலையின் சிதைவு வீதத்தை அதிர்வெண் விலகலால் வகுத்த விகிதம் மட்டுமே. ஆகவே விலகலைப் பெருக்குங்கள், அல்லது மெதுவாகச் சிதையும் வேறோர் இடைநிலையைத் தேடுங்கள். வலிமை கூடினால் வாயில் விரைவடையும். கியூபிட்டின் சொந்தக் கட்டச் சிதைவு பெரிதாக உள்ள சுற்றில் அதனால் மறைமுகமாக நன்மை உண்டு. வலிமையைக் கூட்டும்போது ஒத்ததிர்வின் மையம் நகர்ந்தால், இரு சைகைகளும் தத்தம் மட்டங்களைச் சமமில்லாத அளவில் தள்ளுகின்றன என்று பொருள். அவற்றின் வீச்சுகளின் விகிதத்தைத் திருத்தினால் நகர்வு நின்றுவிடும்.

அறிகுறி: சுழற்சிக் கோணம் துடிப்பு தொடங்கும் கணத்தைப் பொறுத்து மாறுகிறது

தாழ் அதிர்வெண் கியூபிட்டுகளுக்கே உரிய நோய் இது. கம்பியில் போகும் சைகை முன்னும் பின்னும் அலைவது. அதை எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு பாதிகளாகப் பிரிக்கலாம். ஒரு பாதி கியூபிட்டோடு சேர்ந்து சுழன்று வாயிலை நிகழ்த்துகிறது. எதிர்த்திசையில் சுழலும் மறுபாதியை டிரான்ஸ்மான் காலத்துப் பாடங்கள் புறக்கணிக்கச் சொல்லிக்கொடுத்தன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 நானோ நொடியில் முழுப் புரட்டல் வேண்டுமானால் ரபி அதிர்வெண் 25 மெகாஹெர்ட்ஸ். எதிர்ச்சுழல் பாதி உண்டாக்கும் பிளாக்-சீகெர்ட் நகர்வு, ரபி அதிர்வெண்ணின் இருமடியைக் கியூபிட் அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தது. கியூபிட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் நகர்வு 0.03 மெகாஹெர்ட்ஸ், பொருட்படுத்த வேண்டியதில்லை. கியூபிட் 200 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் நகர்வு ஏறத்தாழ 0.8 மெகாஹெர்ட்ஸ்; அந்த 20 நானோ நொடியில் அது ஏறக்குறைய 0.1 ரேடியன் கட்டப் பிழையாகச் சேர்ந்துவிடுகிறது. மூன்று ஒன்பது (99.9 விழுக்காடு), நான்கு ஒன்பது (99.99 விழுக்காடு) என்று துல்லியம் பேசும் இடத்தில் இது மலையளவு.

நகர்வு மாறாத அளவாக இருந்தால் அதிர்வெண்ணைத் திருத்தி முடித்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், துடிப்பின் வீச்சை வரையும் உறைவடிவம் தொடங்கும் கணத்தில் அலையின் கட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பிழையின் அளவும் திசையும் மாறுகின்றன. வரிசையில் முதல் வாயிலுக்கு ஒரு பிழை, மூன்றாவது வாயிலுக்கு வேறொரு பிழை என்று வந்தால் எதைத் திருத்துவது? உறுதி செய்ய, உறைவடிவத்தை அசைக்காமல் அலையின் தொடக்கக் கட்டத்தை ஒரு முழுச் சுற்று நகர்த்தி, இறுதி நிகழ்தகவைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கினால் எதிர்ச்சுழல் பாதியே காரணம். ஒரு முறை மட்டும் ஏறி இறங்கினால் சைகையில் கலந்த நேர்மின்னோட்டக் கசிவைத் தேடுங்கள்.

தீர்வு இரண்டு. அரைப் பாயத்தில் மின்னூட்டச் சைகையும் பாயச் சைகையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான அச்சுகளில் கியூபிட்டைத் தள்ளுகின்றன. இரண்டையும் கால் சுற்று இடைவெளியில், வீச்சுகளைச் சரிசெய்து சேர்த்து அனுப்பினால் மொத்தச் சைகை வட்டமாகச் சுழல்கிறது, எதிர்ச்சுழல் பாதி அழிந்துவிடுகிறது. கருத்தளவில் இது அழகு. நடைமுறையில் இரண்டு கம்பிகளின் தாமதத்தையும் வீச்சையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது தீர்வு எளிது: எல்லாத் துடிப்புகளையும் கியூபிட்டின் அரைச்சுற்று நேரத்தின் முழு மடங்குகளில் மட்டுமே தொடங்குவது. அப்போது எதிர்ச்சுழல் பாதி மறைவதில்லை. ஆனால் ஒவ்வொரு வாயிலிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது, ஆகவே வழக்கமான அளவு திருத்தமே அதை விழுங்கிவிடுகிறது. இவ்விரு வழிகளையும் ஆராய்ந்த எம்.ஐ.டி. குழு, இரண்டாவது வழியில் ஒற்றைக் கியூபிட் வாயிலின் துல்லியம் 99.997 விழுக்காட்டைத் தாண்டியதை 2024-இல் வெளியிட்டது. இரண்டில் ஒன்றைத் தொடங்குபவர் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன். 200 மெகாஹெர்ட்ஸ் கியூபிட்டின் அரைச்சுற்று 2.5 நானோ நொடி. துடிப்பு ஆக்கியின் காலப்படி 1 நானோ நொடியாக இருந்தால் அரைச்சுற்று அதில் பொருந்தாது, ஆனால் 5 நானோ நொடி முழுச்சுற்று பொருந்தும். கியூபிட்டின் அதிர்வெண் நம் விருப்பப்படி அமைவதில்லை. அது இப்படி வசதியாக வாய்க்காதபோது, உறைவடிவத்தைக் காலப்படியின் பின்னத்தால் நகர்த்தி மறுபடி மாதிரியெடுக்கும் வசதி கருவியில் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நீண்ட வரிசையின் முடிவில் நிகழ்தகவு எதிர்பார்த்த அளவில் நிலைகொள்ளவில்லை

ரேண்டமைஸ்டு பெஞ்ச்மார்க்கிங்கில் ஒரு கியூபிட்டுக்கு அரையிலும் இரண்டுக்குக் காலிலும் நிற்க வேண்டிய வளைகோடு வேறெங்கோ இறங்கினால், நிகழ்தகவு மூன்றாம் மட்டத்துக்குக் கசிந்திருக்கிறது. ஒற்றைக் கியூபிட் வாயிலில் இது நேர்ந்தால் துடிப்பின் வடிவத்தைச் சந்தேகிக்கும் முன் சைகையின் மேற்சுரங்களைச் சந்தேகியுங்கள். ஃப்ளக்சோனியத்தின் மூன்றாம் மட்டம் பல கிகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால், நூறு மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத் துடிப்பின் சொந்த அலைமாலை அங்கே எட்டுவது அரிது. கலப்பியின் உபரி அதிர்வெண்ணோ மிகைப்பெருக்கியின் திரிபோ எட்டக்கூடும்.

இரட்டைக் கியூபிட் வாயிலின் கதை வேறு. 0, 1 நிலைகளுக்கிடையே மின்னூட்ட உறுப்பு சிறிதாக இருப்பதால், மின்தேக்கியால் இணைத்த இரு ஃப்ளக்சோனியங்கள் தம் அடித்தள நிலைகளில் ஒன்றையொன்று ஏறக்குறைய உணர்வதே இல்லை. 1-லிருந்து 2-க்குச் செல்லும் நிலைமாற்றமோ வலிமையாக இணைகிறது. ஆகவே ஒரு கியூபிட்டின் நிலையைப் பொறுத்து மற்றதன் கட்டத்தை மாற்றும் கட்டுப்பாட்டுக் கட்ட வாயிலை நிகழ்த்த, வேண்டுமென்றே மூன்றாம் மட்டத்துக்குப் போய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்புகிறோம். மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுவினர் 2021-இல் வெளியிட்ட வாயில் இவ்வகையானது. அண்டைக் கியூபிட் 0-ஆக இருக்கையில் அந்நிலைமாற்றத்தின் அதிர்வெண் ஒன்று, 1-ஆக இருக்கையில் மற்றொன்று. இணைப்பு வலிமை இரண்டுக்கும் சமமாயின், சைகையை இரண்டுக்கும் நடுவே நிறுத்தி, விலகலையும் சேர்த்துக் கணக்கிட்ட ரபி அதிர்வெண் அவ்விரண்டின் இடைவெளிக்குச் சமமாகும்படி வீச்சை அமைத்தால், இரண்டு சாகைகளும் ஒரே நேரத்தில் முழுச்சுற்று முடித்து, கட்டத்தில் அரைச்சுற்று வேறுபட்டுத் திரும்பும். அப்போது வாயில் நேரம், அதிர்வெண் இடைவெளியின் தலைகீழ். இடைவெளி 16 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 62 நானோ நொடி.

கசிவு இருந்தால் துடிப்பின் நீளத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, அண்டைக் கியூபிட்டை 0-இல் வைத்து ஒரு முறையும் 1-இல் வைத்து ஒரு முறையும், கசிவு குறைந்தபட்சமாகும் நேரத்தைக் கண்டறியுங்கள். இரண்டு குறைந்தபட்சங்களும் ஒரே பக்கம் விலகியிருந்தால் வீச்சைத் திருத்த வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் விலகியிருந்தால் சைகை நடுவில் நிற்கவில்லை. அதிர்வெண்ணைத் திருத்த வேண்டும். இரண்டும் சரியான நேரத்தில் ஒன்றி, ஆனால் அடிமட்டம் சுழியைத் தொடவில்லை என்றால், அளவு திருத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை; மூன்றாம் மட்டத்தின் சொந்தச் சிதைவு அது. அதைக் குறைக்க வாயில் விரைவாக வேண்டும், அதற்கு அதிர்வெண் இடைவெளி பெரிதாக வேண்டும், அதற்கு அடுத்த சில்லில் இணைப்பைத்தான் வலுப்படுத்த வேண்டும்.

அறிகுறி: பாயத் துடிப்புக்குப் பிறகு கட்டம் சிதைகிறது, அல்லது வாயில் தன் முன்வரலாற்றை நினைவில் வைத்திருக்கிறது

அரைப் பாயத்தில் அதிர்வெண் வளைகோடு தட்டையானது. அங்கிருந்து விலகியதும் அது சாய்கிறது, சாய்ந்த இடத்தில் மெதுவான பாய இரைச்சல் நேரடியாகக் கட்டத்தில் ஏறுகிறது. நல்ல வேளையாக, வளைகோடு அப்புள்ளியின் இருபுறமும் சமச்சீரானது. வலப்புறம் போகும்போது அதிர்வெண்ணைக் கூட்டும் அதே இரைச்சல், இடப்புறம் போகும்போது அதைக் குறைக்கிறது. துடிப்பை ஒரு நேர்ப்பாதியும் ஓர் எதிர்ப்பாதியுமாகப் பிரித்து, மொத்தப் பரப்பைச் சுழியாக்கினால் இரைச்சலின் முதல்படி விளைவு தானே கழிந்துவிடும். சிகாகோவில் ஷூஸ்டர் குழுவினர் 2021-இல் வெளியிட்ட 14 மெகாஹெர்ட்ஸ் ஃப்ளக்சோனியத்தின் வாயில்கள் இத்தகைய சுழிப்பரப்புத் துடிப்புகளால் ஆனவை.

அதே உத்தி இன்னொரு நோய்க்கும் மருந்தாகிறது. குளிர்விப்பானுக்குள் போகும் கம்பி, துடிப்பு முடிந்த பின்னும் மைக்ரோ நொடிக் கணக்கில் ஒரு மெல்லிய வாலை விட்டுச்செல்லும்; அடுத்த வாயில் அந்த வாலின் மேல் நடக்கிறது. இரண்டு வாயில்களுக்கிடையே காத்திருப்பு நேரத்தை மாற்றும்போது இரண்டாவதன் கட்டம் மாறினால் இதுதான் காரணம். சுழிப்பரப்புத் துடிப்பு வாலின் பெரும்பகுதியைக் கழிக்கும். எஞ்சியதைக் கியூபிட்டையே அளவுகோலாகக் கொண்டு அளந்து, துடிப்பை முன்கூட்டியே எதிர்த்திசையில் திரித்து அனுப்ப வேண்டும்.

அறிகுறி: தனித்தனியே நல்ல வாயில்கள் ஒருசேர இயங்குகையில் கெடுகின்றன

அண்டைக் கியூபிட்டின் நிலையைப் பொறுத்து ஒரு கியூபிட்டின் அதிர்வெண் மாறுகிறதா என்று, இரு துடிப்புகளுக்கிடையே சேரும் கட்டத்தை அளக்கும் ராம்சே சோதனையால் பாருங்கள். மாறினால், உயர்மட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் எஞ்சும் நிலையான இணைப்பு அது. வாயில் துடிப்பை எப்படி அமைத்தாலும் அது போகாது. நடுவே ஓர் இணைப்பு உறுப்பை வைத்து, நேரடி இணைப்பையும் அதன்வழி வரும் இணைப்பையும் ஒன்றோடொன்று கழிக்கச் செய்வதே அறியப்பட்ட வழி. இரு ஃப்ளக்சோனியங்களுக்கு நடுவே டிரான்ஸ்மானை வைத்த எம்.ஐ.டி. வடிவமைப்பு, அவ்விதம் எஞ்சிய இணைப்பைக் கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்து, 99.92 விழுக்காட்டுத் துல்லியமுள்ள இரட்டை வாயிலை 2023-இல் காட்டியது.

அறிகுறி: 0-பை கியூபிட்டின் கட்ட வாயில் நேரத் தவறைப் பொறுத்துக்கொள்ளவில்லை

இதுவரை பார்த்த வாயில்கள் பாதுகாப்பைத் திறந்து மூடின. புரூக்ஸ், கிட்டாயேவ், பிரெஸ்கில் மூவரும் 2013-இல் முன்வைத்த கட்ட வாயில், வாயிலையே பிழைதாங்கும் பொருளாக ஆக்குகிறது. ஆகவே அதன் உருவகப்படுத்தலில் தோன்றும் அறிகுறிகளைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

0-பை கியூபிட்டில் ஒரு நிலையின் மீக்கடத்திக் கட்டம் 0-வை ஒட்டியும், மற்றதன் கட்டம் பை என்னும் அரைச்சுற்றை ஒட்டியும் அமைகிறது. இந்தக் கியூபிட்டை, கட்டுப்படுத்தக்கூடிய ஜோசப்சன் இணைப்பின் வழியே, மிகப் பெரிய மின்தூண்டலுள்ள அலையியற்றி ஒன்றோடு சிறிது நேரம் இணைக்கிறோம். இணைப்பு மூடியதும், அதாவது செயலுக்கு வந்ததும், அலையியற்றியின் பரந்த அலைச்சார்பு கூர்முகடுகளின் வரிசையாக உடைகிறது: கியூபிட் 0 என்றால் பையின் இரட்டைப்படை மடங்குகளில், 1 என்றால் ஒற்றைப்படை மடங்குகளில். பிறகு மின்தூண்டியின் ஆற்றல், ஒவ்வொரு முகடுக்கும் அதன் இடத்தின் இருமடிக்கு ஏற்பக் கட்டத்தைச் சேர்க்கிறது. குறித்த ஒரு நேரத்தில் அந்தக் கட்டம், முகட்டின் வரிசை எண்ணின் இருமடியைக் கால் சுற்றால் பெருக்கியதாகிறது. இரட்டைப்படை எண்ணின் இருமடி நான்கின் மடங்காதலால் அம்முகடுகள் அனைத்தும் முழுச்சுற்றுகளில் முடிகின்றன. ஒற்றைப்படை எண்ணின் இருமடியை எட்டால் வகுத்தால் எப்போதும் ஒன்றே மிஞ்சுமாதலால், அம்முகடுகள் அனைத்தும் ஒரே கால் சுற்றில் நிற்கின்றன. கியூபிட்டின் இரு நிலைகளுக்கிடையே துல்லியமான கால் சுற்றுக் கட்டம் கிடைக்கிறது. எண் கணிதத்தின் ஒரு சிறு உண்மை மின்சுற்றின் வாயிலாக மாறும் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியே.

நேரம் சற்றே தவறினால் கூடுதல் கட்டம் முகட்டுக்கு முகடு மாறுபடும். ஆனால் அது கியூபிட்டின் கட்டமாக வராமல், அலையியற்றியின் மின்னூட்டப் பரவலைச் சற்றே அகலமாக்குவதாகவே வருகிறது. அந்தப் பரவல் அண்டைப் பகுதிக்குள் வழியாத வரை கியூபிட்டுக்கு எதுவும் தெரியாது. ஆகவே நேரத் தவறு நேரடியாகக் கியூபிட்டில் தெரிந்தால் முதலில் முகடுகளை எண்ணுங்கள். மூன்று நான்கு முகடுகளே இருந்தால் வரிசை குறுகியது, பாதுகாப்பு உருவாகவே இல்லை. முகடுகளைப் பெருக்க அலையியற்றியின் மின்னெதிர்ப்பு, அதாவது மின்தூண்டலை மின்தேக்குத்திறனால் வகுத்ததன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1 கிலோ ஓம் என்னும் அளவைவிட மிகப் பெரிதாக வேண்டும். அது பெரிதாகப் பெரிதாகப் பிழை அடுக்குக்குறி வேகத்தில் சுருங்குகிறது என்பதே அவர்களுடைய முடிவு.

முகடுகள் போதிய அளவு இருந்தும் பிழை மிஞ்சினால் இணைப்பு மூடித் திறக்கும் வேகத்தைப் பாருங்கள். மிக விரைவாக மூடினால் ஒவ்வொரு குழிக்குள்ளும் அலைச்சார்பு தத்தளித்து முகடுகள் தடிக்கின்றன. மிக மெதுவாக மூடினால், மூடி முடிவதற்குள்ளேயே பரந்த அலைச்சார்பு மின்தூண்டியின் ஆற்றலால் நகரத் தொடங்கிவிடுகிறது. குழிக்குள் நிகழும் அலைவோடு ஒப்பிட்டால் மெதுவாகவும், அலையியற்றியின் சொந்த அலைவோடு ஒப்பிட்டால் விரைவாகவும் மூடும் இடைவெளி ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத அளவுருக்களில் எந்தத் துடிப்பு வடிவமும் உதவாது. இதையெல்லாம் சரிபார்த்த பின்னும் ஓய்வு நிலையிலேயே கட்டம் சிதைந்தால், சுற்று உறுப்புகளின் சிறு வேறுபாடுகளால் கியூபிட்டோடு இணைந்துவிடும் தாழ் அதிர்வெண் உபரி அலைமுறையைத் தேடுங்கள்; அதில் தங்கும் வெப்பப் ஃபோட்டான்கள் அச்சிதைவை உண்டாக்கும்.

அறிகுறி: பூனைக் கியூபிட்டின் நிலைப்புரட்டல் நேரம் ஓர் அளவுக்கு மேல் வளரவில்லை, அல்லது வாயில் இயங்கும்போது மட்டும் சரிகிறது

அலையியற்றி ஒன்றில் எதிரெதிர்க் கட்டமுள்ள இரண்டு அலைவுகளை 0, 1 நிலைகளாகக் கொண்டு நிலைநிறுத்துவது பூனைக் கியூபிட். அதில் ஃபோட்டான் எண்ணிக்கையைக் கூட்டினால் நிலைப்புரட்டல் அடுக்குக்குறியாகக் குறைய வேண்டும், கட்டப்புரட்டல் நேர்விகிதமாகக் கூட வேண்டும். நிலைப்புரட்டல் நேரம் திடீரென்று தட்டையானால், அலையியற்றியோடு ஒட்டியிருக்கும் வேறொரு பொருளைச் சந்தேகியுங்கள். பாரிஸில் லெஸ்கான் முதலியோர் 2020-இல் வெளியிட்ட சோதனையில் அந்நேரம் 1 மில்லி நொடியளவில் நின்றது. வாசிப்புக்காக இணைத்திருந்த டிரான்ஸ்மானின் வெப்பக் கிளர்ச்சியே காரணம். டிரான்ஸ்மானைத் தவிர்த்த வடிவமைப்பு, 2024-இல் வெளியான சோதனையில், 10 நொடியைத் தாண்டியது.

வாயில் இயங்கும்போது மட்டும் நிலைப்புரட்டல் பெருகினால், அந்த வாயில் பிழைச்சாய்வை, அதாவது நிலைப்புரட்டல் கட்டப்புரட்டலைவிட மிக அரிதாக இருப்பதை, காக்கும் வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். உண்மையிலேயே இரண்டே மட்டங்களுள்ள கியூபிட்டில், கட்டுப்பாட்டுப் புரட்டல் வாயிலின் நடுவே நேரும் கட்டப்பிழை, வாயில் முடிவதற்குள் நிலைப்பிழையாக உருமாறிவிடும். பூனைக்கு இதிலிருந்து தப்ப வழி உண்டு: இலக்குப் பூனையின் இரு கூறுகளையும் கட்டவெளியில் அரைச்சுற்று சுற்றி ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அமரவைக்கலாம், அவை வழியில் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கியோ, மிர்ராஹிமி 2019-இலும், பூரி முதலியோர் 2020-இலும் வகுத்த வாயில்கள் இவை. சுற்றும்போது நிலைநிறுத்தும் இயக்கத்தையும் கூடவே சுழற்ற வேண்டும். அதை நிறுத்திவிட்டுச் சுற்றுபவர் பாதுகாப்பை இழக்கிறார்.

இத்தகைய வாயிலின் கட்டப்பிழைக்கு இரண்டு பகுதிகள். ஒரு ஃபோட்டான் இழப்பால் வருவது ஃபோட்டான் எண்ணிக்கைக்கும் வாயில் நேரத்துக்கும் நேர்விகிதம். விரைவாகச் சுற்றுவதால் வருவது அவ்விரண்டின் பெருக்கத்துக்கும் இரட்டை ஃபோட்டான் நிலைநிறுத்தல் வீதத்துக்கும் எதிர்விகிதம். நேரத்தைச் சிறந்த மதிப்பில் வைத்தால் ஃபோட்டான் எண்ணிக்கை கணக்கிலிருந்து முற்றிலும் விலகி, ஒற்றை இழப்பு வீதத்தை நிலைநிறுத்தல் வீதத்தால் வகுத்ததன் வர்க்கமூலத்துக்கு விகிதமான எண் மட்டுமே மிஞ்சும். எனவே, ஒவ்வொரு ஃபோட்டான் எண்ணிக்கைக்கும் வாயில் நேரத்தைப் புதிதாகத் திருத்தியும் குறைந்தபட்சக் கட்டப்பிழை அப்படியே நின்றால், அதில் கோளாறு எதுவும் இல்லை. நிலைநிறுத்தல் வீதத்தை உயர்த்துவதோ அலையியற்றியின் இழப்பைக் குறைப்பதோ மட்டுமே இனி உதவும். அந்தக் குறைந்தபட்சப் பிழை ஃபோட்டான் எண்ணிக்கையோடு ஏறினால், வாயிலின் சைகை உயர்மட்டங்களில் உண்டாக்கும் உபரிக் கலப்பைத் தேடத் தொடங்குங்கள்.